விட்டுப்போன எழுத்து

கந்தர்வக்கோட்டையில் ஸ்டுடியோ நடத்தும் சிவரஞ்சனி, கல்யாண வீடியோவோ சாவு வீடியோவோ, வெப்சைட்டில் பூட்டித்தான் வைப்பாள். பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் அவள் எழுதிய புரோகிராம் படத்தைக் கொடுக்கும்.

குவைத்திலிருந்து வசந்தகுமார் கூப்பிட்டான். லீவு கிடைக்காமல் ஆத்தா சாவுக்கு வர முடியாதவன். கடைசி மகனான அவன்தான் கொள்ளி வைத்திருக்க வேண்டும்; அவன் இல்லாததால் அண்ணன் வைத்தான்.

"வீடியோ பாத்தேன்க்கா. அதுல நான்தான் கொள்ளி வைக்கிறேன்."

பாஸ்வேர்டு, ஆத்தா அவனைக் கூப்பிடும் 'கடைக்குட்டி'. அவன் அதை இங்கிலீஷில் அடித்தபோது ஒரு 'கே' விட்டுப்போயிருந்தது. சிவரஞ்சனியும் அதே தப்போடு அடித்தாள். திறந்தது. மொட்டைத் தலையும் தோளில் குடமுமாக அவன் சுற்றி வந்தான். அப்படியொரு ஃபைல் சர்வரில் இல்லை.

புரோகிராமில்தான் கோளாறு என்று அன்றைக்கே சரிசெய்தாள்.

மறுநாள் அவன் மறுபடி கூப்பிட்டான். "தப்புன்னு சொல்லுதுக்கா. சரியாப் போட்டா அண்ணன்தான் வருது. ஏங்க்கா மாத்துனீங்க?"

"தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி."

பழைய புரோகிராமையே திரும்பப் போட்டாள். ஒரு எழுத்தை விட்டு அடித்தாள். திறந்தது.

இந்தத் தடவை படத்தில் அவன் இல்லை. ஆத்தா வாசலில் பாடையில் கிடந்தாள். கொட்டு ஓய்ந்திருந்தது.

"சின்னவன் வந்துரட்டும், அப்புறம் எடுப்போம்" என்றான் அண்ணன்.

எல்லாரும் பஸ் வரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோ இன்னும் முடியவில்லை.