ஓசி நெட்

"கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்" என்றார் ஆடிட்டர், மடியிலிருந்த டேப்லெட் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் அகப்பட்டவர்கள் நிறையப் பேர். பேப்பர் போடுகிறவர், தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர், ஒருமுறை எடை பார்க்கும் இயந்திரம்.

"இந்தத் தடவை யாரு?"

"நம்ம நெட்டைத் திருடறவங்க."

மனைவியின் கையில் ஒரு சட்டை பாதி மடிப்பில் நின்றது.

போன மாதத்திலிருந்தே சாயங்காலமானால் நெட் நொண்ட ஆரம்பித்துவிடுகிறது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோகிறார். யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று ஆடிட்டருக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. வீடியோ ஒன்றைப் பார்த்து வழி கற்றுக்கொண்டார். எண்ணும் புள்ளியுமாக ஒரு முகவரியைத் தட்டினால் நெட் டப்பாவின் உள்ளறைக்கே போய்விடலாம். அதற்கான சாவிச்சொல் டப்பாவின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கிறது. அலமாரியில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டப்பாவைத் தூக்கி, கவிழ்த்துப் பார்த்து, அந்தச் சொல்லை டேப்பில் தட்டினார். கதவு திறந்துகொண்டது.

உள்ளே நான்கு பேர். ஒன்று அவருடைய டேப், ஒன்று மனைவியின் போன். மற்ற இரண்டும் முன்பின் தெரியாத பேர்வழிகள்.

"வேற யாரு, மாடி வீட்டுக் கணக்கு டீச்சர்தான். சாயங்காலமானா கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறாங்கல்ல? ரெண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வந்து ஒரே மாதிரி டப்பா மாட்டிட்டுப் போனான். அவங்க அதை நிறுத்திட்டு நம்மளுதுல குளிர் காயறாங்க."

தெரியாமல் யார் மேலும் பழி போடக்கூடாது என்றாள் மனைவி.

"தெரிஞ்சுக்கத்தான் பொறி வெச்சிருக்கேன். அந்த ரெண்டையும் உள்ளே வர முடியாமத் தடுத்தாச்சு. இப்போ யாரு நம்ம வாசல்ல வந்து 'நெட் போச்சு'ன்னு நிக்கறாங்களோ, அவங்கதான் திருடன்."

"ஐயோ, திறந்து விட்டுடுங்க. புரியாத இடத்துல கையை வெச்சு..."

"எனக்கா புரியாது? பால்கனிக்கு வெளியே ஒரு ஒயர் அநாதையாத் தொங்கிட்டிருந்துச்சே, போன மாசம் அதை யாரு வெட்டி எறிஞ்சது? இந்தக் கட்டடத்துல இருக்கற வேற யாருக்காவது தோணுச்சா?"

மனைவி பாதி மடித்த சட்டையை மறுபடி உதறி விரித்தாள்.

அழைப்பு மணி அடித்தது. ஆடிட்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

கணக்கு டீச்சர். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, எழுதுகிற பேனா மூடாமல் கையிலேயே இருந்தது. "சார், நெட் திடீர்னு போயிடுச்சு. பசங்களுக்கு நாளைக்குப் பரீட்சை. உங்களுக்கு வருதா?"

"எங்களுக்கு ஜோரா வருது" என்றார் ஆடிட்டர்.

பிறகு பிடித்துக்கொண்டார். நாணயத்தைப் பற்றி, உழைப்பைப் பற்றி, படித்தவர்களே இப்படி இருந்தால் நாளைய தலைமுறை என்னவாகும் என்பதைப் பற்றி. பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கிறவர் அடுத்த வீட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதில் அவருக்கே ஒரு சின்னப் பெருமை.

"டப்பாவுக்குள்ள போய் நான்தான் உங்களைப் பூட்டினேன்."

"எந்த டப்பா..." என்று ஆரம்பித்த டீச்சரின் பார்வை அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அங்கே என்னத்தைக் கண்டதோ, மெல்லத் திரும்பி வந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, வந்த வழியே போய்விட்டது.

"தப்புதான் சார். கிளாஸ் முடியற வரைக்கும் மட்டும் கொஞ்சம் திறந்து விட்டீங்கன்னா..."

ஒப்புக்கொண்டவரிடம் என்ன கோபம்? ஆடிட்டர் பெருந்தன்மையோடு திறந்துவிட்டார். ஆனால் கிளாஸ் முடிந்த கையோடு பிளக்கையே பிடுங்கிவிடப் போவதாக, மாடிப்படியில் ஓடிய டீச்சரின் காதில் விழும்படி சொல்லி வைத்தார்.

மேலே டீச்சரின் குரல் தரை வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அது ஓய்ந்து, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும் ஆடிட்டர் எழுந்தார். அலமாரிக்குப் போனார். பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார், மனம் நிறைந்து.

மடியில், சிம் கூடப் போடாத டேப்பில், செய்தி வாசிப்பவர் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

ஆடிட்டர் அவரைப் பார்த்தார். அணைந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இது எப்படி ஓடுது?"

மனைவி அந்தச் சட்டையை ஒருவழியாக மடித்து முடித்தாள். "பால்கனியில நீங்க வெட்டி எறிஞ்சது நம்ம ஒயருங்க. அன்னையிலேருந்து இந்த டப்பாவுல விளக்கு மட்டும்தான் எரியுது. 'சார்கிட்ட சொல்லாதீங்க அக்கா, மனசு சங்கடப்படுவார்'னு டீச்சர்தான் அவங்க நெட்டை உங்க டேப்புலயும் என் போன்லயும் போட்டுக் கொடுத்தாங்க."

"அப்போ நான் உள்ளே போய்ப் பூட்டினது?"

"ஒரே கம்பெனி, ஒரே மாதிரி டப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? சாவியும் ஒண்ணுதான், நீங்க நுழைஞ்சது அவங்க டப்பாவுக்குள்ள" என்றாள் மனைவி. "தன் வீட்டுக் கதவைத் திறந்து விடச் சொல்லித்தான் அவங்க உங்ககிட்டக் கெஞ்சிட்டுப் போனாங்க."