பிரேமாவதியின் வலது கை

போஸா நோவா என்கிற பிரேசில் பாட்டுக் கேட்க வந்த இடத்திலும் பிரேமாவதி தொடையில் தாளம் போட்டாள். முதல் வரிசை வேறு. சுற்றியிருந்தவர்கள் இலேசாகத் தலையாட்டிக்கொண்டிருக்க, என் மனைவி மட்டும் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "கையைச் சும்மா வச்சுக்கயேன், இது சபா இல்ல" என்றேன். "எட்டெட்டாத்தான் வருது. ஆதி தாளத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். பாடகி ஒரு வரியைத் தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுத்தபோது, "பலே!" என்று வாய்விட்டே சொன்னாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்து ஜாஸ். மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, டிரம்ஸ்காரர் தனியாக வாசித்தார். போகப் போகத் தாளம் எங்கே இருக்கிறதென்றே தெரியாதபடி உடைத்துப் போட்டார். சாக்ஸபோன்காரர் வாத்தியத்தை உதட்டருகே கொண்டுபோய், எந்தத் தட்டில் சேர்ந்துகொள்வதென்று சந்தேகப்பட்டு இறக்கினார். பியானோக்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இருவர் பார்வையும் அலைந்து அலைந்து முதல் வரிசைக்கு வந்து, பிரேமாவதியின் கையில் நின்றது.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். மடியிலிருந்த கைப்பையை, "பிடிங்க" என்று என்னிடம் தள்ளினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, மேடைக்குத் தெரியும்படி கையை உயர்த்திப் போட ஆரம்பித்தாள். ஏழாவது தட்டு விழுந்தது. எட்டாவதுக்கு உள்ளங்கை மேலே திரும்பியது. மேடையில் இரண்டு பேர் மூச்சை இழுத்தார்கள். கைப்பையைக் கட்டிக்கொண்டு நானும்.