கவராயத்தால் கீறிய எழுத்து

"எழுத்தெண்டால் எழுத்து, கொத்துரொட்டிக் கடை போர்டு மாதிரி."

அச்சக வாசலில் நின்று பரமலிங்கம் யாருக்கோ போனில் சொன்னது, உள்ளே கணினிக்கு முன்னால் இருந்த நிமலினியின் காதில் விழுந்தது.

அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். வளைவெல்லாம் கவராயம் வைத்துக் கீறிய வட்டம். கோடெல்லாம் அடிமட்டம் வைத்த நேர். நல்ல தடிப்பு. புத்தூர்ச் சந்தியில் அதே எழுத்தில் அவள் செய்த ரியூசன் பதாகையை ஓடுகிற பஸ்ஸில் இருந்தே வாசிக்கலாம்.

இது அவருடைய மனைவி குணலட்சுமியின் முப்பத்தோராம் நாள் நினைவு நோட்டீஸ். மூன்றாம் தரமாகத் திருத்தம் சொல்லப் பிரதியோடு உள்ளே வருகிறார்.

"எழுத்து கிடக்கட்டும், பிள்ளை. இதிலை என்ரை கடைசிப் பெடியன்ரை பேருக்குப் பக்கத்திலை ஏன் பூச்சியம் போட்டனீர்?"

திரையைப் பார்த்தாள். பிள்ளைகள்: பிரசாந்தி (கனடா), மயூரதன் (சுவிஸ்), கிருஷாந் ().

"அது பூச்சியமில்லை, ஐயா. அடைப்புக்குறி. இந்த எழுத்திலை குறியும் அரைவட்டம். உள்ளுக்கு ஒண்டும் இல்லாட்டி ரெண்டும் சேர்ந்து அப்பிடித்தான் தெரியும்."

முதல் தரம் வெறும் குறியைப் பிழையென்று நினைத்து எடுத்துவிட்டாள். 'ஏன் எடுத்தனீர்?' என்றார். திரும்பப் போட்டாள். 'மெல்லிசாக் கிடக்கு' என்றார். தடிப்பாக்கினாள். இப்போது பூச்சியமாம்.

"அப்ப எடுத்துவிடட்டே?"

"எடுக்கவேண்டாம்."

"நடுவிலை ஒரு கோடு போடட்டே?"

"கோடு போட்டால் பேரை வெட்டின மாதிரி."

கலியாண அட்டைக்காகக் காத்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "செத்தவீட்டு நோட்டீசுக்கும் சோடினை பாக்கிற மனிசன்" என்றாள். மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பாள்.

நிமலினி வாடிக்கையாளர்களிடம் குரல் உயர்த்துகிறவள் அல்ல. அன்றைக்கு உயர்ந்துவிட்டது.

"ஐயா, அவர் எங்கை இருக்கிறாரெண்டு சொன்னால் அதைப் போட்டு இப்பவே முடிச்சுத் தந்திடுவன்."

பரமலிங்கம் கையிலிருந்த பிரதியை மடித்தார். பிறகு விரித்தார்.

"அதைத்தானே பிள்ளை, நானும் மனிசியும் பதினாறு வருசமா ஆமிக் காம்ப், பொலிஸ் எண்டு கந்தோர் கந்தோராக் கேட்டுத் திரிஞ்சனாங்கள்."

பிரதியில் கடைசி மகனின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"காலஞ்சென்ற எண்டு போட, அவ கடைசிவரைக்கும் விடேல்லை" என்றார்.

நிமலினி திரைப்பக்கம் திரும்பினாள். இரண்டாவது குறியைப் பிடித்து மெல்ல வலப்பக்கம் இழுத்து, நடுவில் ஓர் ஊரின் பெயர் எழுதுமளவுக்கு இடம் விட்டாள்.