இன்னும் நான்கு படங்கள்

இன்னும் நான்கு படங்கள். அதற்கப்புறம் யானை. அதற்கப்புறம் நான்.

வேறு எங்கே வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இங்கே முடியாது.

தனக்கோடி மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பாதி சாத்திய கதவு வழியே பட்டறையின் குழாயடி தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்தாள். சுவரில் வரிக்குதிரை வந்து நின்றது.

அன்று ஆயுத பூஜை. சூளை ஆறிக் கிடந்தது. அச்சுகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை கொடுத்தாயிற்று. செராமிக் பொம்மை செய்கிற பெண்கள் வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பழைய முதலாளி புரொஜெக்டர் வைத்துச் சுவரில் ஆப்பிரிக்கா காட்டுகிறார்.

பழைய முதலாளி தேவநாதன், தனக்கோடியின் கணவர். விருத்தாசலத்துப் பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டுக் கருவேப்பிலங்குறிச்சியில் குடியேறி ஐந்து வருஷமாகிறது. இரண்டு மாடு, ஒன்றரைக் காணி உளுந்து. அதற்கு நடுவில் மூன்று தடவை கென்யா போய் வந்துவிட்டார்கள். ஊரில் இப்போது அது ஆப்பிரிக்காக்காரர் வீடு.

அடுத்த படம்.

"இது என்னாங்க, சேத்தியாத்தோப்பு சந்தைக்கு ஓட்டியாந்த எரும மாதிரி இருக்குது?" என்றாள் கண்ணம்மாள். பொம்மை யானைகளுக்கு இருபது வருஷமாகத் தும்பிக்கை ஒட்டுகிறவள்.

"எருமதான். என்னா, பால் குடுக்காது. உன்னாட்டம் சும்மா மொறைச்சிக்கிட்டு நிக்கும்."

சிரித்தார்கள். முதலாளி என்றால் சிரித்துத்தான் ஆகவேண்டும். கண்ணம்மாள் நிஜமாகவே சிரித்தாள்.

மூன்றாவது படத்தில் ஜீப். ஓட்டுநர் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"மொத தடவ கெளம்பறப்ப இந்த அம்மா பண்ண கூத்தக் கேளுங்க. ரெண்டு கிலோ முறுக்கு, எள்ளுருண்ட, நார்த்தங்கா ஊறுகா. பொட்டியில துணி வெக்க எடமில்ல. சிங்கத்துக்கு விருந்து வெக்கப்போறாங்களோன்னு பயந்துட்டேன்! கடைசியில எல்லாத்தையும் இந்த டிரைவருதான் தின்னான்."

கொட்டகை அதிர்ந்தது. தனக்கோடியும் சிரித்தாள். எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று அவளுக்குப் பழகியிருந்தது.

நான்காவது, சிங்கம்.

"அய்யய்யோ, இம்மாம் பக்கத்துலயா? பயமா இல்லீங்களா?"

"கண்ணாடிய எறக்கிட்டுல்ல எடுத்தேன்! அது மூச்சு நம்ம மேல படுது. நாம சும்மா இருந்தா அது ஏன் நம்மகிட்ட வரப்போவுது?"

யானை வந்தது.

தேவநாதன் குரலைத் தாழ்த்தினார். "இத நான் சொன்னா நல்லாருக்காது. அம்மா சொல்லணும். தனம், சொல்லு."

எல்லா முகமும் திரும்பியது.

வழிகாட்டி சொன்ன கதை அது. கூட்டத்தைப் பிரிந்துபோன குட்டி ஒன்று வளர்ந்து திரும்பி வருகிறது. கிழட்டு யானை குறுக்கே நின்று மறிக்கிறது. தாய் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, குட்டியின் வாயை, காதை, நெற்றியைத் துழாவித் துழாவிப் பார்க்கிறது. பெண்ணாடத்துக் கல்யாணங்களில்கூட இதைச் சொல்லியிருக்கிறாள். பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இவளுக்கு யானை என்றால் உயிர் என்பார் தேவநாதன், பெருமையாக.

"எத்தினி வருசங் கழிச்சிம்மா வந்துச்சி அந்தக் குட்டி?" என்றாள் கண்ணம்மாள்.

வழிகாட்டி சொன்னது மூன்று வருஷம். தனக்கோடி சொல்லும்போதெல்லாம் அது ஏழாகிவிடும்.

இந்தக் கொட்டகையில் காவியாவின் பெயரை யாரும் எடுப்பதில்லை. சூளை அடுக்கிக்கொண்டிருந்த திருமாலின் மகனைக் கட்டிக்கொண்டு மகள் போன அன்று, தேவநாதன் அந்தக் குழாயடியில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்கத் தலை முழுகினார். அதற்கப்புறம் அவள் எங்கே போனாள் என்று இவர்களுக்குத் தெரியாது.

நைரோபிக்கு.

தேவநாதன் விமான டிக்கெட்டை முதல் தடவை காட்டியபோது, மனம் இறங்கிவிட்டார் என்று நினைத்துத்தான் தனக்கோடி முறுக்கு சுட்டாள்.

இரண்டாம் தடவை, மகளுக்கு ஓட்டல் பெயரை அவளே திருட்டுத்தனமாகச் சொல்லியிருந்தாள். காலை ஆறரை மணி. ஓட்டல் வாசலில் காவியா நின்றிருந்தாள். பார்த்து ஏழு வருஷம். இடுப்பில் ஒரு குழந்தை. இவர்கள் ஏறியிருந்த ஜீப்பைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

தேவநாதன் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார்.

கேட்டைத் திறக்க ஆள் வரும்வரை ஜீப் நின்றுதான் கிடந்தது. தனக்கோடியின் பக்கத்துக் கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடி கைக்கெட்டும் தூரம்.

அவள் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், கேட் திறக்கும்வரை.

"சொல்லேன் தனம். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கல்ல."

சுவரில் தாய் யானை தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றது.

"நான் சொல்லலீங்க."

"ஏம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் கண்ணம்மாள்.

"தொண்ட நல்லாத்தான் இருக்குது," என்றாள் தனக்கோடி. "இனிமே சொல்லமாட்டேன்."