கோலிங் பெல் பொத்தான்

பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் இருந்த தொலைக்காட்சி பளிச்சென்று வெளித்தது.

விரலை எடுத்தேன். அணைந்துவிட்டது.

மறுபடி அழுத்தினேன், வெளித்தது. எடுத்தேன், அணைந்தது. எனக்கு விளங்கிவிட்டது. தங்கச்சி நாகேஸ்வரி வாங்கி வந்தது கோலிங் பெல்லுக்குப் பூட்டும் பொத்தான்.

அவள் அரசாங்கக் கச்சேரியில் ரைப்பிஸ்ட். தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வருகிறாளே என்று ஒரு சுவிச் வாங்கிவரச் சொல்லிவிட்டால் இதுதான் கதி. ஒருதரம் அழுத்தினால் அப்படியே நிற்க வேண்டும், மறுதரம் அழுத்தினால் அணைய வேண்டும் என்று நடித்தே காட்டியிருந்தேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கப்பலில் வேலை செய்யும் மச்சான், தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் கேம் ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து தந்தான். அங்கே கடைகளில் காசு போட்டு விளையாடும் மெசின் ஆளுயரத்துக்கு நிற்குமாம். எங்கள் அரியாலைக்கு மட்டும் என்ன குறை என்று, பழைய அலுமாரியை அறுத்து அதேபோல ஒன்றைச் செய்து ஹோலில் நிறுத்திவிட்டேன். அதைப் போடுவதற்குப் பின்னால் கையை விட்டு இரண்டு வயரை முறுக்க வேண்டும். முறுக்கப் போய்க் கறண்ட் அடித்தது. அதற்குத்தான் பொத்தான்.

அன்றைக்குப் பார்த்தா அவளைப் பெண் பார்க்க வரவேண்டும்?

முன்பு வந்தவர்கள் நல்லூர்க் கோயில் வீதியில் தூர நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள். அங்கே நின்ற நாலு பேரில் மாப்பிள்ளை எவர் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒரே பிடி. மாப்பிள்ளையோடு நாலு கதை கதைக்காமல் யாருக்கும் ஓம் என்று சம்மதம் சொல்லமாட்டாள். அப்பாவின் பிடி அதைவிடப் பெரியது. கதையெல்லாம் தாலி ஏறிய பிறகுதான். ஒரு கிழமையாக இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

பொத்தானை மாற்ற நேரமில்லை. அழுந்தியபடியே நிற்கட்டும் என்று மட்டைத் துண்டைச் செருகினேன், தெறித்துப் போனது. பிளாஸ்டர் ஒட்டினேன், வெக்கைக்குக் கழன்றது. நாகேஸ்வரி சேலைக்கு ஊசி குத்தியபடி வந்து பார்த்து, ஐயோ பாவம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கார் வந்து நின்றது.

மாப்பிள்ளை பஞ்சலிங்கம், கிளிநொச்சியில் ரோட்டு வேலை மேற்பார்க்கும் ஓவசியர். தாய் தகப்பனோடு வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மழை, வெங்காய விலை, இடமாற்றம் எல்லாம் பேசி முடிந்து, இனி என்ன பேசுவது என்று எல்லோரும் முழித்தார்கள். மாப்பிள்ளையின் கண் என் பெட்டியில் நின்றது. அதற்குமேல் நான் சும்மா இருப்பேனா?

எழுப்பிக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினேன். பக்கத்துப் பலகையில் இருந்த பொத்தானை நானே அழுத்திப் பிடித்தேன். பந்து போய்ச் சுவரைக் கல் கல்லாக உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. டிங் டிங் என்று வீடே அதிர்ந்தது. ஓவசியர் சேர்ட் கையை மடித்துவிட்டார்.

நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தட்டை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்தாள்.

"அண்ணை, அம்மா வடைக்குக் கூப்பிடுறா. விடுங்கோ, நான் பிடிக்கிறன்."

அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கு எது கேட்கும்? போனேன்.

வடையோடு திரும்பி வந்தால் அப்பா கதிரை நுனியில் இருக்கிறார். மகளை உள்ளே போகச் சொல்ல வேண்டும். ஆனால் அவள் விரலை எடுத்தால் விருந்தாளியின் விளையாட்டு நின்றுவிடும். வாயைத் திறந்தவர் ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

ஒருமுறை பெட்டி அணைந்தது. பஞ்சலிங்கம் திடுக்கிட்டு அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப அழுத்தினாள். பொத்தான் சரியில்லை என்று நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு வெகுநேரம் அணையவில்லை. சோடா கொடுக்கக் கிட்டப் போனபோதுதான் திரையைக் கண்டேன். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. கேம் தன்பாட்டுக்கு ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தது. இருவரும் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அழுத்தி அழுத்தி அவளுடைய விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. அவள் எடுக்கவில்லை.

சோடாவைக் கொடுக்காமலே திரும்பினேன். மாப்பிள்ளை நன்றாக விளையாடுகிறார் என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஊரடங்குக்கு முன் கொடிகாமத்து வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவர்கள் எழும்பினார்கள். கார் ஒழுங்கையால் திரும்பியதும், என்னவாம் என்று கேள் என்றார் அப்பா என்னிடம். நான் கேட்பதற்குள் நாகேஸ்வரி அவரைப் பார்த்து ஓம் என்றாள். அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

பெட்டியடியில் நின்று என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சந்தோஷத்தோடு போய்ப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினேன். நாளைக்கே யாழ்ப்பாணம் போய், பிழையான சாமானைத் தலையில் கட்டிய கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டு வருவதாகச் சொன்னேன்.

அவள் உள்ளே போய்க் கைப்பையோடு வந்தாள். கடைத்தாளில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த மனிசன் பாவம், அண்ணை. நீங்கள் சொன்னது இதுதானே?"

தாளைப் பிரித்து, உள்ளே இருந்த பொத்தானை அழுத்திப் பார்த்தேன். டக்கென்று உள்ளே போய் அப்படியே நின்றது.