மேட்டுப் பெஞ்சு

தேனி, போடி நகராட்சிகள் சேர்ந்து போட்ட நடைபாதை, யார் எங்கே சிரமப்படுகிறார்கள் என்பதைத் தரையில் பதித்த உணரிகளால் தானாகவே கவனித்து, நகராட்சிகளுக்குத் தெரிவித்துவிடும்.

இதய அறுவைச் சிகிச்சை முடிந்த கோதண்டம், மனைவி இந்திராணியோடு தினமும் அதில் நடந்தார். மேட்டில் மூச்சு வாங்கும். செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றுகொள்வார்.

ஒரு காலை அந்த மேட்டில் புதுப் பெஞ்சு இருந்தது. ‘இங்கே தினமும் இளைப்பாறும் இருவருக்கு, இரு நகராட்சிகளின் அன்புடன்’ என்று எழுதியிருந்தது.

கோதண்டத்துக்கு முகம் சுருங்கியது. “ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நாளையிலேருந்து நான் வரல.”

பிறகு மறுபடி படித்தார். “இருவரா? இன்னொருத்தர் யாரு?”

இந்திராணி அதற்குள் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஏத்தத்துல எனக்கு முட்டி விண்ணுனு வலிக்கும். நீங்க நிக்கிறது எனக்கு நல்லதாப் போச்சு.”

அவர் அவளருகே உட்கார்ந்தார்.

“முதல்லயே சொல்லக் கூடாதா? நாளைக்கு மெதுவா நடப்போம்.”