உடுத்தாதவை

அலமாரி அடைசலைக் குறைக்க எழிலரசி வடிவமைத்த செயலிக்கு ஒரே விதி: ஓராண்டாக உடுத்தாததை ஒதுக்கு. சோதனைக்குத் தன் பீரோவையே பதிவேற்றினாள். கணவன் மறைந்து பதினான்கு மாதங்கள். செத்தவன் அவன்; தண்டனை சேலைகளுக்கு. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக இருபத்தாறையும் செயலி ஒதுக்கித் தள்ளியது.

“பாத்தியா? நீ செஞ்ச ஆப்பு உனக்கே ஆப்பு வெச்சிருச்சு. உன் நாத்தனா கட்டிக்கட்டும், குடுத்துரு” என்றாள், தானும் கணவனை இழந்து வெள்ளைச் சேலைக்குள் வாழும் மாமியார்.

எழிலரசி விதிக்குக் கீழே இரண்டு பொத்தான்களைப் பொருத்தினாள்: ‘உடுத்தவில்லை’, ‘உடுத்த விடவில்லை’.

“நீங்களே அழுத்துங்க அத்தை” என்று போனை நீட்டினாள்.

மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எதையும் அழுத்தவில்லை.

“இருபத்தெட்டு வருஷமாச்சு. எங்கிட்ட யாருடி இப்படிக் கேட்டாங்க?” என்றாள், போனைத் திருப்பித் தராமல்.